பற்பசைக் குழாயில் இரண்டு வாக்கியங்கள்

வாசகி கேட்கிறார்:

என் மகளுக்கு ஐந்து வயது. அவளுடைய பற்பசைக் குழாயில் ‘2 வயதுக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்தலாம்’ என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழேயே ‘6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்றும் இருக்கிறது. மாமியார் கண் அழுத்த நோய்க்குப் போடும் சொட்டு மருந்துக்குக் காலாவதி அடுத்த வருடம்தான். ஆனால் உள்ளே இருந்த தாள், திறந்து நான்கு வாரத்தில் எறிந்துவிடச் சொல்கிறது. ‘குளிர்பெட்டியில் வைக்கவும்’, ‘25 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம்’ இரண்டும் அதே தாளில். சளி மாத்திரையில் ‘தூக்கம் வரலாம்’ என்று ஒரு வரி, ‘தூக்கமின்மை ஏற்படலாம்’ என்று இன்னொரு வரி. போன வாரம் கணவருக்குக் காய்ச்சலும் சளியும். காய்ச்சலுக்கு 650 மாத்திரை நான்கு வேளை, சளி மாத்திரை மூன்று வேளை என்று கொடுத்துச் சமாளித்தேன். அவரோ, “இதெல்லாம் கம்பெனிக்காரன் கேஸ் வராமல் இருக்க எழுதுவது, படித்துக் குழம்பாதே” என்கிறார். படிக்காமலே விட்டுவிடலாமா? மாமியாருக்கும் சளி பிடித்திருக்கிறது, அதே மாத்திரையைக் கொடுக்கலாமா?

மருந்தாளுநர் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் முரண்பாடு என்று காட்டிய இடங்களை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒரு வரி: காய்ச்சல் மாத்திரை நான்கு வேளை, சளி மாத்திரை மூன்று வேளை.

650 என்று நீங்கள் சொல்வது பாராசிட்டமாலாகத்தான் இருக்க வேண்டும். நான்கு வேளைக்கு 2600 மில்லிகிராம். சளி மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூக்கடைப்புக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று என்று சேர்த்திருப்பார்கள். கூடவே பெரும்பாலும் பாராசிட்டமாலும் இருக்கும், 325 அல்லது 500 மி.கி. 500 என்றால் மூன்று வேளைக்கு 1500. இரண்டையும் கூட்டினால் 4100. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 4000.

இதில் நீங்கள் எந்தப் பெட்டி சொன்ன அளவையும் மீறவில்லை என்பதுதான் விஷயம். காய்ச்சல் மாத்திரைப் பெட்டி சொன்ன அளவுக்குள்தான் கொடுத்தீர்கள், சளி மாத்திரைப் பெட்டி சொன்ன அளவுக்குள்ளும்தான். பக்கத்தில் இன்னொரு பெட்டி இருப்பது எந்தப் பெட்டிக்கும் தெரியாது. ‘பாராசிட்டமால் உள்ள வேறு மருந்துகளுடன் சேர்த்து எடுக்க வேண்டாம்’ என்று ஒரு வரி இருந்திருக்கும். நீங்கள் குழம்பிப் போயிருந்த அந்த இருபது வரிகளுக்கு நடுவில், அதே பொடி எழுத்தில். போதாக்குறைக்கு இந்த மருந்துக்கு இரண்டு பெயர். வட அமெரிக்காவில் விற்கும் பெட்டிகளில் அசிட்டமினோஃபென் என்றிருக்கும். இரண்டும் ஒரே சரக்கு.

பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான ஒருவர் ஒரு நாள் 100 மி.கி. கூடுதலாக எடுத்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதுவே பல நாள் தொடர்ந்தால், சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்தால், உடல் எடை மிகக் குறைவாக இருந்தால், மதுப்பழக்கம் இருந்தால் கதை வேறு. பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை முறிக்கக் கல்லீரல் குளுட்டதையோன் என்ற பொருளைக் கையிருப்பில் வைத்திருக்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்கும். மோசம் என்னவென்றால், நிறைய விழுங்கியவருக்குக்கூட முதல் நாள் லேசான குமட்டலோடு நின்றுவிடலாம், அதுவும் இல்லாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். மாற்று மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு நிறையக் கூடிவிட்டது என்று தெரிந்தால், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கணவருக்கு எத்தனை நாள் இப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நான்கைந்து நாளுக்கு மேல் என்றாலோ, இப்போதும் அவருக்குப் பசியின்மை, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தாலோ மருத்துவரிடம் காட்டி ஒரு கல்லீரல் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இதே மருந்தில் நிஜமான முரண்பாடும் உண்டு. ஒரு பெட்டியில் உச்ச வரம்பு 4000 என்றும் இன்னொன்றில் 3000 என்றும் பார்க்கலாம். அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர் ஒருவர் 2011-ல் தன் 500 மி.கி. மாத்திரையின் வரம்பை நாளொன்றுக்கு எட்டிலிருந்து ஆறாகக் குறைத்தார். உடம்பு தாங்கும் அளவு அந்த வருடம் மாறிவிடவில்லை. தெரியாமல் இரண்டு பெட்டியிலிருந்து எடுத்துவிடுகிறவர்களுக்காக நடுவே கொஞ்சம் இடம் விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். நானாக இருந்தால் மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை 3000-ஐயே வைத்துக்கொள்வேன்.

சரி, பற்பசைக்கு வருவோம்.

அந்த இரண்டு வாக்கியங்களும் சண்டை போடவில்லை. முதல் வாக்கியம் பிரஷ்ஷில் இருக்கும் பசையைப் பற்றியது. இரண்டாவது குழாயைப் பற்றியது. எழுதியவர்கள் அதைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. ‘பிரஷ்ஷில் பெரியவர்கள் வைத்துக் கொடுங்கள், குழாயைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தால் உங்கள் கடிதம் ஒரு பத்தி குறைந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். பற்பசையில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று குழாயில் பிபிஎம் கணக்கில் போட்டிருக்கும், வழக்கமாக 1000 முதல் 1500 வரை. 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம் ஃப்ளூரைடு. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குப் பட்டாணி அளவுப் பசை போதும். அது கால் கிராம் வரும். அவ்வளவையும் அவள் விழுங்கிவிட்டாலும் உள்ளே போவது கால் மில்லிகிராம். அவசர சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. உங்கள் மகள் 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் 90 மி.கி. அதற்கு அவள் 1000 பிபிஎம் பசையில் 90 கிராம், 1450 பிபிஎம் பசையில் ஏறக்குறைய 60 கிராம் சாப்பிட வேண்டும். பல் தேய்க்கும்போது அது நடக்காது. ஆனால் ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு, பொம்மைப் படம் போட்ட குழாய் ஒன்று கழுவுத் தொட்டி ஓரத்தில் கிடந்தால்? பாதிக் குழாயைச் சப்பித் தீர்க்கக் கூடிய வயதுதான். மிட்டாய் போலத் தயாரித்துவிட்டு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்கிறார்களே என்று நீங்கள் கோபப்பட்டால் அது நியாயமான கோபம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவதால் வேறொரு விளைவு உண்டு. ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டுகள் வரலாம். துப்பக் கற்றுக்கொடுத்து, பட்டாணி அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அரிசி மணி அளவுதான். விளம்பரத்தில் பிரஷ் முழுவதும் அலை போலப் பிதுக்கிக் காட்டுவார்கள், அதை யாருக்குமே பின்பற்ற வேண்டாம்.

சொட்டு மருந்து. காலாவதித் தேதி திறக்காத குப்பிக்கு உரியது. மூடியின் முத்திரையை உடைத்த நிமிடத்திலிருந்து அந்தத் தேதி மட்டும் போதாது, நான்கு வாரக் கணக்கும் ஓடும், இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. ஒவ்வொரு முறையும் குப்பியின் முனை இமை முடியிலோ விரலிலோ பட்டுக் கிருமி உள்ளே போக வாய்ப்பு. மருந்தில் சேர்த்திருக்கும் பதனப் பொருள் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், எப்போதைக்கும் அல்ல. திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். அட்டைப் பெட்டியில் எழுதினால் பெட்டி ஒரு நாள் குப்பைக்குப் போகும், தேதியும் கூடப் போகும். முகக் கிரீம்களில் திறந்த டப்பா படம் போட்டு ‘12எம்’ என்று இருக்குமே, அதுவும் இந்தக் கதைதான்: திறந்த பிறகு 12 மாதம். எல்லாக் கண் மருந்துக்கும் நான்கு வாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பதனப் பொருள் இல்லாத ஒற்றை வேளைச் சிறு குப்பிகளைப் பொதுவாக ஒரு முறை போட்டதுமே எறிய வேண்டும். சிறப்பு வால்வு வைத்த சில குப்பிகள் மாதக்கணக்கில் தாங்கும்.

குளிர்பெட்டி விஷயத்தைப் படித்ததும் உங்கள் மாமியார் போடுவது லட்டானோப்ரோஸ்ட்டாக இருக்கும் என்று ஊகித்தேன். பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் வெளியிலும் வைக்கலாம். இங்கேயும் இரண்டு வரிகள், இரண்டு வெவ்வேறு காலம். வீட்டில் வெக்கை அதிகம் என்றால் திறந்த குப்பியும் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். உறையவைக்கும் அறைக்குள் மட்டும் போகக் கூடாது. வேடிக்கை ஒன்று: இதே மருந்துக்கு ஐரோப்பியத் தாளில் திறந்த பின் நான்கு வாரம், அமெரிக்கத் தாளில் ஆறு வாரம் என்றிருக்கும். ஒவ்வொரு நாட்டு அதிகாரிகளும் அவரவர் கேட்ட ஆதாரத்தை வைத்து ஒப்புக்கொண்ட கணக்கு அது. உங்கள் கையில் இருக்கும் தாள் சொல்வதைப் பின்பற்றுங்கள். இன்னொரு நாட்டுத் தாளைத் தேடிப் பிடித்து இரண்டு வாரம் சம்பாதிக்க வேண்டாம்.

இப்போது சளி மாத்திரை. தூக்கம் வரும் என்பதும் வராது என்பதும் ஒரே பெட்டியில் எப்படி இருக்க முடியும்? இரண்டும் உண்மைதான். தும்மலை நிறுத்தச் சேர்க்கும் குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள்ளும் போய் மந்தமாக்கும். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் வகை மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், படபடப்பையும் கொடுக்கும், சிலரைத் தூங்கவிடாது. ஒரு வில்லைக்குள் ஒன்று தூங்கு என்கிறது, மற்றது எழுந்திரு என்கிறது. அதற்கு மேல், தூங்கவைக்க வேண்டிய அதே மருந்து சில குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் நேர்மாறாக வேலை செய்து துறுதுறுவென்று ஆக்கிவிடும். ஏன் சிலருக்கு மட்டும் அப்படி என்பதை முன்கூட்டியே சொல்ல வழியில்லை. ஆக, ‘வரலாம்’ என்ற அந்தச் சொல்லை ‘உங்களுக்கு எது என்று முதல் மாத்திரை போட்ட பிறகுதான் தெரியும், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள்’ என்று படியுங்கள்.

மாமியாருக்கு அதைக் கொடுக்கலாமா? வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பராமரிக்கும் ‘பியர்ஸ் பட்டியல்’ என்று ஒன்று உண்டு. 65 வயதுக்கு மேல் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். இந்தப் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள் அதில் இருக்கின்றன. வாய் உலரும், சிறுநீர் அடைக்கும், மலச்சிக்கல் வரும், புத்தி தடுமாறும், ராத்திரி எழுந்தால் விழுந்துவிடுவார்கள். உங்கள் மாமியாருக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெட்டியிலேயே ‘கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும்’ என்று தேடினால் கிடைக்கும். எந்த வகைக் கண் அழுத்த நோய் என்று மட்டும் எழுத மாட்டார்கள். கண்ணுக்குள் திரவம் வடியும் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து அதை அடைத்துவிட்டுத் திடீரென்று அழுத்தத்தை ஏற்றலாம். கடுமையான வலி, பார்வை மங்கல், வாந்தி என்று வந்தால் அது அவசர நிலை. கோணம் திறந்திருக்கும் வகை என்றால் அந்த ஆபத்து மிகக் குறைவு. ‘அத்தைக்குக் கோணம் திறந்ததா, குறுகியதா’ என்று கண் மருத்துவரிடம் அடுத்த முறை ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் பயன்படும். இப்போதைக்கு அவருக்குச் சளிக்கு ஆவி, உப்புநீர் மூக்குச் சொட்டு. காய்ச்சல் இருந்தால் தனிப் பாராசிட்டமால், எவ்வளவு என்று அவர் எடை சொல்லிக் கேட்டுக்கொண்டு.

மகளுக்கும் அந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளின் சளி மருந்து விஷயத்தில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. பிரிட்டன் 2009-ல் ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 2008-லிருந்து நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று போடுகிறார்கள். உங்கள் மகள் சரியாக அந்த இடைவெளியில் நிற்கிறாள். இந்த மருந்துகள் சின்னக் குழந்தைகளுக்குப் பெரிதாக உதவுவதும் இல்லை என்பதால் எனக்குப் பிரிட்டன் பக்கம்தான்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. மருந்துக்கடையில் நான் பார்க்கும் சில எச்சரிக்கைகள் வாசகருக்காக எழுதப்பட்டவையே அல்ல. கலிஃபோர்னியாவில் 1986-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு சட்டம் வந்தது. புற்றுநோய் உண்டாக்கும் என்று மாநிலம் பட்டியலிட்ட வேதிப்பொருள் இருந்தால் எச்சரிக்க வேண்டும். தவறினால் ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2500 டாலர் வரை அபராதம். நிறுவனங்கள் என்ன செய்யும்? சோதித்துப் பார்க்கிற செலவை விட ஒரு வரி அச்சடிப்பது மலிவு. அதனால் சத்துமாவு டப்பாவிலிருந்து பைவரை அந்த வரி ஒட்டிக்கொண்டது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு சாப்பிட்டால் கெடுதல் என்று அதில் இருக்காது. காது குடையும் பஞ்சுக்குச்சிப் பெட்டியில் ‘காதுக்குள் விட வேண்டாம்’ என்றிருப்பதும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான், ஆனால் அதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள். அழுக்கைச் செவிப்பறை வரை தள்ளிவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

மறுபாதியில் அவர் தவறு. சில வரிகளுக்குப் பின்னால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ‘முத்திரை உடைந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள்’ என்பது ஏதோ சம்பிரதாயம் போலத் தெரியும். 1982-ல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ கடைகளில் இருந்த வலி மாத்திரைக் குப்பிகளுக்குள் சயனைடு கலந்து வைத்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் அந்த முத்திரை கட்டாயமானது. இன்னொன்று, 81 மி.கி. ஆஸ்பிரினை அமெரிக்காவில் இன்றும் ‘குழந்தை ஆஸ்பிரின்’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். முன்பு குழந்தைகளுக்குக் கொடுத்தது. காய்ச்சல், சின்னம்மை வந்த குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரேய் நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோய் வரக்கூடும் என்று தெரிந்ததும் 1986-லிருந்து எச்சரிக்கை கட்டாயமானது. இப்போது அதை விழுங்குபவர்கள் இதய நோயாளிகளான தாத்தா பாட்டிகள். பெயர் ‘குழந்தை’ என்கிறது, பெட்டி ‘குழந்தைக்குக் கொடுக்காதே’ என்கிறது. முரண்பாட்டில் இதை மிஞ்ச ஆளில்லை. இதில் பெட்டி சொல்வதுதான் சரி.

அதனால் படிக்காமல் விடாதீர்கள், எல்லா வரியையும் ஒரே மாதிரிப் படிக்கவும் வேண்டாம். நான் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது எச்சரிக்கைகளை அல்ல. மருந்தின் பெயரையும் அளவையும்தான். முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிடுவேன், அது விற்பதற்கு. உள்ளே என்ன என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்து, வீட்டில் வேறு எதிலாவது அதே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்தது ‘இவர்கள் பயன்படுத்தக் கூடாது’ என்ற பகுதி. அதில் நம் வீட்டு ஆள் யாராவது இருக்கிறாரா? வயது, கர்ப்பம், சிறுநீரகம், கண் அழுத்தம், தினசரி போடும் மாத்திரைகள். பக்கவிளைவுப் பட்டியலைக் கடைசியில் படித்தால் போதும். அங்கே ‘பரவலானது’, ‘அரிதானது’ என்ற சொற்களைக் காதால் கேட்கிற பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பியத் தாள்களில் அவற்றுக்கு அளவு உண்டு. ‘பரவலானது’ என்றால் நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர்வரை. ‘அரிதானது’ என்றால் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர்வரை. பட்டியலின் நீளம் மருந்தின் கொடுமையைக் காட்டுவதில்லை. அதிக காலம் விற்ற மருந்துக்கு அதிக நீளம், பல சமயம் அவ்வளவுதான்.

மருத்துவர் ஒன்று சொல்லி, தாள் வேறு சொன்னால்? பெரும்பாலும் மருத்துவர் உங்கள் வீட்டு ஆளைப் பார்த்துச் சொல்கிறார், தாள் ஊருக்கே பொதுவாகச் சொல்கிறது. ஆனால் சங்கடப்படாமல் திரும்பக் கேளுங்கள். ‘பெட்டியில் மூன்று வேளை என்றிருக்கிறது, நீங்கள் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்களே’ என்று மருந்துக் கடையிலேயே கேட்கலாம், எங்களுக்கு அதுதான் வேலை.

ஒன்று மிச்சம் இருக்கிறது. மாமியாரின் குப்பியை எப்போது திறந்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்கே நினைவில்லை என்றால் நான்கு வாரம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொண்டு இன்றே புதியது வாங்குங்கள். கண் அழுத்த மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. அதனால் ‘பழையதை எறிந்தாகிவிட்டது, புதியதை நாளை வாங்கலாம்’ என்று ஆகிவிட வேண்டாம். புதியதைத் திறந்ததும் அன்றைய தேதியைக் குப்பி மேல் எழுதுங்கள், அப்புறம் பழையதை எறியுங்கள்.